டிரம் சாண்டரும் மூன்றாவது ஓலையும்

இரண்டு பொருள்களைக் காட்டி “ஒன்றை எடு” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் முடிவெடுக்க வராது. சட்டைத் துணியானாலும் சரி, சோற்றுப் பார்சலானாலும் சரி, கடைக்காரர் பொறுமை இழந்து ஒன்றைக் கையில் திணிக்கும்வரை திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பேன். (கூட வந்தவர்கள் அதற்குள் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்திருப்பார்கள்.) இது பிறவிக் குணமல்ல. எழுபதுகளின் கடைசியில், என் கல்யாணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்னால், இலங்கை மலையகத்து ஹட்டனில், மேசை நாற்காலி செய்யும் ஒரு தளபாடப் பட்டறையில் பிடித்துக்கொண்ட வியாதி.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஸ்டெல்லா அதே பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு டீச்சர். அவளுடைய அப்பா சூசை, தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதற்குள் வரும் கொழுந்து தூளாகி வெளியே போகும்வரை அதன் மணத்துக்கும் ருசிக்கும் டீமேக்கர்தான் ஜவாப்தாரி. சூசை மாமா வெங்காயம் உரித்த கையோடு யாரையும் ஸ்டோர் வாசலில் விடமாட்டார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று பயம். இது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

பரிசம் போட்ட அன்று பெரியவர்கள் சாமான் பேச்சை எடுத்தார்கள். அலுமாரி என்று யாரோ சொன்னதும் எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது.

“அலுமாரிய நானே என் கையால செய்றேங்க மாமா. கூறைச் சேலைய அதுல வச்சுத்தான் உங்க வீட்டுக்குக் கொண்டு வருவேன்” என்றேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “தச்சு வேலையும் தெரியுங்களா மாப்புள?”

“ஏதோ, சுமாரா தெரியுங்க.”

அதுவரை நான் செய்திருந்தது ஒரே ஒரு முக்காலி. முக்காலி என்று அதற்குப் பிறகுதான் பெயர் வந்தது. நான் செய்யத் தொடங்கியது நாற்காலி. இருந்தாலும் குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குப் ‘பட்டறை’ என்று பெயர் வைத்து, விடுமுறை நாட்களில் காதில் பென்சில் சொருகிக்கொண்டு அதன் வாசலில் நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரத்தானே செய்யும்?

பலகைக்குப் பஞ்சமில்லை. கோயில் பாதையில் காற்றுக்கு ஒரு சைப்ரஸ் மரம் விழுந்திருந்தது. தோட்டத்து மேனேஜரான தொரையிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேர் கைவாளால் அதைப் பலகையாக அறுத்துத் தந்தார்கள். அறுத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் ஒவ்வொரு பலகையும் ஒரு முனையில் தடித்த சங்கீதப் புத்தகம் மாதிரியும் மறுமுனையில் சின்னக் குறிப்பிடம் என்கிற மெல்லிய ஞானோபதேசப் புத்தகம் மாதிரியும் இருந்தது. இவற்றை ஒரே கனத்துக்குக் கொண்டுவந்தால்தான் அலுமாரி. கையால் இழைத்தால் என் கல்யாணம் வெள்ளிவிழா அன்றுதான் நடக்கும்.

அந்த நேரம் பார்த்து ஹட்டனில் காசிம் நானா தன் தளபாடப் பட்டறையை மூடிக்கொண்டு கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். விற்று மிச்சம் இரண்டு மெசின்கள். என் கையிருப்பு அவற்றில் ஒன்றுக்குத்தான் காணும்.

ஒன்று திக்னசர். பலகையை ஒரு பக்கம் விட்டால் உள்ளே சுழலும் கத்திகள் மேல்பக்கத்தைச் சீவித் தள்ளி, முழுப் பலகையையும் ஒரே கனமாக மறுபக்கம் அனுப்பும். மற்றது டிரம் சாண்டர். இதில் கத்தி கிடையாது. சாண்ட் பேப்பர் சுற்றிய ஒரு உருளை. பலகை அதற்கடியில் போய்வந்தால் வழுவழுவென்று மினுங்கும். இப்போது நான் சொல்லும்போது உங்களுக்கு விஷயம் பளிச்சென்று விளங்குகிறது, இல்லையா? கனத்தைக் குறைக்க ஒன்று, மினுக்க ஒன்று. எனக்கு வேண்டியது கனம் குறைப்பது. ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. நான் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் திக்னசர், வலப்பக்கம் சாண்டர் என்று நன்மை தீமைகளை எழுதினேன். வாத்தியார் புத்தி. ‘வேகம்’ என்று திக்னசருக்கு நன்மையில் எழுதினேன். அன்று மாலையே ‘வேகம்’ என்று அதன் தீமையிலும் எழுதினேன், விரல்களை நினைத்து. ஒரு கிழமை போனபோது இரண்டு பக்கமும் ஒரே விஷயங்கள் இருந்தன.

பிறகு கொத்மலைப் பக்கத்துப் பியசேன பாஸிடம் போனேன். அவர் தோட்டத்துக் கட்டடங்களுக்கெல்லாம் மரவேலை செய்கிற சிங்கள மேஸ்திரி. அரைத் தமிழில் முழு உண்மையைச் சொன்னார்.

“மாஸ்டர் மாத்தயா, முதல்ல கனம் சரி செய்யணும். பிறகுதானே மினுக்குறது. திக்னசர் எடுங்க.”

அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனிதர், உண்மையை மறைக்கத் தெரியாது. “ஆனா சைப்ரஸ்ல கணு கூடுதல். கத்தி கணுவைப் பிடிச்சா, டப்! தெறிக்கும். அதுக்கு சாண்டர் நல்லம்” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்த ‘டப்’ மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் வேணாங்க. கடையில செஞ்ச அலுமாரி இருக்கு, அதுக்குக் கதவும் சரியா மூடும்” என்றாள்.

இது கொப்பியில் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத கருத்தாக இருந்தது.

கடைசியில் ஹட்டனுக்குப் போய், ஓட்டிக் காட்டச் சொன்னேன். காசிம் நானா திக்னசரைப் போட்டார். அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. பலகையை விட்டார். பாதியில் ஒரு கணு பிய்ந்து, பியசேன பாஸ் சொன்ன அதே ‘டப்’போடு கூரைத் தகரத்தில் போய் அடித்தது. நான் அந்த நேரம் வாசலுக்கு வெளியே, வீதியில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியாது.

“வாங்க மாஸ்டர், உள்ள வாங்க. அது பேசும், கடிக்காது” என்று சிரித்தார் நானா.

பிறகு சாண்டரைப் போட்டார். பூனை மாதிரி உறுமியது. பலகை வெளியே வந்ததும் அதைத் தடவிப் பார்த்தேன். கொழுக்கட்டை மாவு மாதிரி இருந்தது. அந்தப் பலகையில் செய்த கதவை ஸ்டெல்லா தடவிப் பார்ப்பதும், மாமா தடவிப் பார்ப்பதும், தொரையே ஒரு நாள் வந்து தடவிப் பார்ப்பதும் கண்முன்னால் வரிசையாக ஓடின.

“நானா, இதுல கனமும் குறையுந்தானே?”

“குறையும் மாஸ்டர். குறையாம எங்க போவும்? கொஞ்சம் பொறுமையா விடணும், அவ்வளவுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு தடவை விட்டால் ஒரு கடதாசி அளவு குறையும். எனக்குக் குறைய வேண்டியது ஒரு சங்கீதப் புத்தகம்.

சாண்டரைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, நாலு பேர் தூக்கிப் பட்டறையில் இறக்கினோம். பியசேன பாஸ் மோட்டாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் கொட்டிலில் தொங்கிய ஒற்றைப் பல்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அது மூன்று கம்பியில் வரும் பெரிய கரண்டில் ஓடும் மோட்டார். அந்தக் கரண்டு தோட்டத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது.

“ஸ்டோர்லயா?” என்றார் சூசை மாமா. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவருக்கு விருப்பமே இல்லை. ஆனால் அதற்கு முந்திய நாள்தான் எங்கள் முதலாவது ஓலையைக் கோயிலில் வாசித்திருந்தார்கள். கத்தோலிக்கரான எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். மருமகன் என்று ஊரறிய ஒரு தடவை வாசித்தாகிவிட்டது. அந்த மரியாதைக்காக ஒத்துக்கொண்டார்.

“சரிங்க மாப்புள. நாலே நாளு. தூசு உள்ள வரக்கூடாது.”

“ஒரு துளி வராதுங்க மாமா.”

ஸ்டோருக்குப் பின்பக்கம் இரண்டு மூன்று இடம் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் கண் திறக்க முடியாதபடி தூசு. கடைசியில் பின்சுவரோரம் ஒரு மூலை அகப்பட்டது. அங்கே மெசினைப் போட்டதும் ஒரு அதிசயம் நடந்தது. கிளம்புகிற தூசு தரையில் விழாமல், அப்படியே மேலே எழும்பி, சுவரில் இருந்த பெரிய ஓட்டை வழியாக மறைந்து போயிற்று. இடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்! ஆண்டவர் நம் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஓட்டை, மேல்மாடியில் பரப்பியிருக்கும் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்காகக் காற்றை உள்ளே இழுக்கும் விசிறியின் வாய்.

திங்கள் விட்டேன், செவ்வாய் விட்டேன். ஒரு பலகையை எண்பது தடவை, தொண்ணூறு தடவை. சைப்ரஸ் பிசின் சூடாகிச் சாண்ட் பேப்பரில் ஒட்ட, பலகை கருக ஆரம்பித்தது. கோயிலில் சாம்பிராணி போட்ட மாதிரி கமகமவென்று வாசம். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை மாமா முகம் சரியில்லை. ஸ்டோரில் தினமும் அன்றன்றைய தூளைக் கோப்பைகளில் போட்டு ருசி பார்ப்பார்கள். உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்புவார்கள். அன்று தொரையே வந்து ருசி பார்த்திருக்கிறார். துப்பிவிட்டு யோசித்தாராம். மறுபடி உறிஞ்சினாராம். பிறகு மாமாவிடம், “டீமேக்கர், இது ஏன் கிறிஸ்மஸ் மாதிரி இருக்கு?” என்று கேட்டாராம்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸ் மரம் என்றால் சைப்ரஸ் கிளைதான். அந்த வாசம் ஆகஸ்ட் மாதத்தில் தேத்தண்ணிக்குள் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமா அடுப்புக்காரரைப் பிடித்து, என்ன விறகு போட்டாய் என்று கேட்டார். கொழுந்து கசக்கும் ரோலர்களைக் கழுவச் சொன்னார். புதுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. வருங்கால மாமனாருக்கு இக்கட்டான நேரம். மெசினை நிறுத்திவிட்டு அவரோடு கூடமாட நடந்து, என்னாலான யோசனைகளைச் சொன்னேன்.

“தண்ணியில இருக்குமோங்க மாமா? மேல பீலிக்கரையில சைப்ரஸ் நிக்குது.”

அந்த மனிதர் அதையும் நம்பி, ஆளை அனுப்பித் தண்ணீர் வரும் பீலியைப் பார்க்கச் சொன்னார். தலை முதல் கால்வரை சைப்ரஸ் தூசு பூசிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன். குழப்பத்தில் இருந்த மனிதருக்கு மூக்கு முழுக்க அந்த வாசம் ஏறிப்போய், எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கோ சத்தியமாக ஒன்றும் தோன்றவில்லை. தூசுதான் வெளியே போய்விடுகிறதே! ஆறுதல் சொல்லிவிட்டுப் போய், அன்று பின்னேரமும் இரண்டு பலகை விட்டேன்.

வியாழக்கிழமைத் தூள் இன்னும் மோசம். கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகளைத் தொரை நிறுத்திவிட்டார். மறுநாள் காலைக்குள் காரணம் சொல்லாவிட்டால் டீமேக்கர் வேலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடம் அந்த ஸ்டோரே கதியென்று கிடந்த மனிதர், படிக்கட்டில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல.

மத்தியானம் ஸ்டெல்லா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். அவர் தொடவில்லை. கண் கலங்கி என்னிடம் வந்தாள். நான் ஆறுதலாகக் கிட்டப் போனேன். அவள் சட்டென்று நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். இன்னும் கிட்ட வந்து என் தலையை முகர்ந்தாள். (கல்யாணத்துக்கு முன்னால் அவள் என்னிடம் அவ்வளவு நெருங்கியது அதுதான் முதல் தடவை.)

“எங்கப்பா காலையில குடிக்கச் சொன்ன தேத்தண்ணி இதே வாசந்தாங்க” என்றாள்.

“அதெப்படி? என் தூசுதான் அந்தச் சுவர் ஓட்டையால போயிருதே.”

அவள் ஓட்டையைப் பார்த்தாள். மேல்மாடியைப் பார்த்தாள். டீமேக்கர் மகள் அல்லவா, மேற்கொண்டு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. என் மண்டையில் வெளிச்சம் வர மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நாளைக்கு நீங்களே தொரைகிட்ட சொல்லணும். சொல்லலேனா நான் ஞாயித்துக்கெழம கோயில்ல எந்திரிச்சுச் சொல்லிருவேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ருசி பார்க்கும் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் தொரை, மறுபக்கம் மாமா. ஓட்டை, விசிறி, அலுமாரி, கூறைச் சேலை எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் உளறிக் கொட்டினேன். “டீமேக்கர் மேல ஒரு தப்பும் இல்லைங்க. அவர் தூசு வரக்கூடாதுன்னுதான் சொன்னார். முழுக்க நான்தான்” என்று முடித்தேன். ஒரு இரவு முழுக்க அடக்கி வைத்த உண்மையை ஒரு மூச்சில் பேசியதில் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமலோடு ஒரு சின்னப் புகை மாதிரி தூசும் வந்தது.

தொரை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “மெசினை வெளியே எடு” என்றார். மாமாவின் வேலை தப்பியது. மாமா என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. அவர் வழக்கமாக உட்காரும் முன்வரிசை வாங்குப் பலகை காலியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வாங்கை நான் பார்த்ததில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் வீட்டுப் பக்கம் போகத் தைரியமில்லை. ஸ்டெல்லாவைக் கேட்டால், “அப்பா ஒன்னுமே சொல்லலைங்க” என்றாள். ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்றே தெரியவில்லை. இதற்கிடையில், நிறுத்தி வைத்த தூளை வீணாக்காமல், மாதாமாதம் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கும் தேயிலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் கிறிஸ்மஸ் வாசம். “மாஸ்டர், தேத்தண்ணி குடிக்கிறோமுங்க, பாலன் பொறந்துட்டாருங்களா?” என்று வழியெல்லாம் கேட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு. கோயில் நிறைந்து வழிந்தது. மாமா முன்வாங்கில் இருந்தார், கோட் போட்டுக்கொண்டு. சாமியார் ஓலையை வாசித்து, “தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்” என்று வழக்கம்போல் முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார்.

மாமா எழுந்து நின்றார்.

“சாமி, எனக்கு ஒரு தடை இருக்குங்க.”

எனக்குக் காதுக்குள் ரோலர் ஓடியது. பக்கத்து வரிசையில் ஸ்டெல்லா முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தடை?” என்றார் சாமியார்.

“ஒரு மெசினுங்க சாமி.” மாமா என் பக்கம் கையைக் காட்டினார். “மாப்புள மேல எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க. எம் பொழப்பு போற நேரத்துல, தொரைக்கு முன்னால வந்து நான்தான்னு சொன்னாரு. அந்த மனுசனுக்கு எம் மகளக் குடுக்குறேன். அந்த மெசினுக்குக் குடுக்க மாட்டேன்.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சாமியார் கொஞ்சம் குழம்பிப் போனார். திருச்சபைச் சட்டத்தில் எத்தனையோ தடைகள் உண்டு, மெசின் இல்லை. ஞானஸ்நானத்தில் பசாசைக் கைவிடுகிறாயா என்று கேட்பாரே, அந்தக் குரலில் என்னைப் பார்த்து, “மெசினை விட்டுவிடுகிறீரா?” என்று கேட்டார்.

“விட்டுவிடுகிறேன்” என்றேன்.

கோயில் முழுவதும் “ஆமென்” என்றது.

அடுத்த நாளே சாண்டர் ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அலுமாரி முடியவில்லை. கூறைச் சேலையை மாமாவே கொடுத்த புத்தம் புதிய தேயிலைப் பெட்டியில், ஈயத்தாளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு போனேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

அதன் பிறகு எங்கள் கோயிலில் யாருடைய ஓலை வாசித்தாலும், தடை என்ற சொல் வந்தவுடன் சனம் திரும்பி என்னைப் பார்க்கும். சாமியார்கள் மாறினார்கள், இது மாறவில்லை. என் மகளின் ஓலை வாசித்த அன்று மாமாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. காது மந்தம், ஆனால் அந்த இடம் வந்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

“சாமி, இந்தப் பையன்கிட்ட மெசினு ஏதும் இருக்கான்னு கேளுங்க.”

கொழும்பிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. சாமியாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாவம், எழுந்து நின்று, “ஒரு வாஷிங் மெசின் மட்டும் வாங்கியிருக்கேங்க தாத்தா” என்றான்.

மாமா கைத்தடியை மறுகைக்கு மாற்றினார்.

“ஸ்டோருக்குள்ள வைக்காம இருந்தா சரி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.